பாண்டிச் சுவரில் பீட்டுக்கு ஒளி: கட்டடத்தின் மேல் நேரடிக் காட்சி வீச முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானிக் இசைக்கு ஏற்பக் கட்டடத்தின் மேல் காட்சி வீச ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளில்தான் தொடங்குகிறார்கள். திரும்பத் திரும்ப ஓடும் அழகழகான காட்சித் துண்டுகளை, அதாவது லூப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் சுவர் தேடப் போகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். எந்தச் சுவர், அதற்கு எதிரே எவ்வளவு இடம் இருக்கிறது, மக்கள் எங்கே நிற்பார்கள், ஸ்பீக்கர் எங்கே வரும் என்ற நான்கும் முடிவாகாமல் செய்த காட்சி எந்தச் சுவரிலும் ஒட்டாது.

இந்தக் கலை புதிதும் இல்லை. பழைய கட்டடத்தை ஒலியோடு சேர்த்து ஒளியால் பேச வைக்கும் நிகழ்ச்சியை 1952-இல் பிரான்சின் ஷம்போர் அரண்மனையில் பால் ராபர்ட் ஊதான் தொடங்கி வைத்தார். 1986 ஏப்ரலில் ழான் மிஷேல் ழார் ஹூஸ்டன் நகரத்து வானுயர் கட்டடங்களையே திரையாக்கி சிந்தசைசர் இசை வாசித்தார். அன்று அதற்கெல்லாம் பெரிய நிறுவனங்களின் கருவிகள் வேண்டியிருந்தன. இன்று ஒரு லேப்டாப், வாடகைக்கு ஒரு ப்ரொஜெக்டர், பொறுமை ஆகியவை இருந்தால் பாண்டியிலேயே தொடங்கலாம்.

முதலில் சுவர்

இரவில் போய்ப் பாருங்கள். நிகழ்ச்சி எந்தக் கிழமை, எந்த நேரமோ அதே கிழமை, அதே நேரத்தில் போக வேண்டும். தெருவிளக்கு, எதிர்க்கடைப் பலகை, ஏடிஎம் வெளிச்சம், பக்கத்து ஓட்டலின் அலங்கார விளக்கு என ஒவ்வொன்றும் சுவரில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, சுவரோடு ஒட்டிப் பிடித்து அளந்தால் தோராயமான எண் கிடைக்கும். தெருவிளக்கு விழும் சுவரில் 10 முதல் 20 லக்ஸ் காட்டினால் ஆச்சரியமில்லை. பௌர்ணமி அன்று வைக்கலாமா என்று பலர் தயங்குவார்கள். முழு நிலவின் வெளிச்சம் அரை லக்ஸைக்கூடத் தொடாது. நிலவைக் கண்டு பயப்பட வேண்டாம், ஒரே ஒரு எல்இடி தெருவிளக்குக்குப் பயப்படுங்கள்.

பீச் ரோட்டில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் கூட்டம் நிற்க இடம் உண்டு. அங்குள்ள கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை. சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இறங்குவதால் முகப்பு சீக்கிரமே நிழலாகிவிடும், ஆனாலும் வானம் கறுக்கும்வரை படம் ஏறாது. ஜூனில் சூரியன் மறைய ஆறரை தாண்டும், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். மறைந்த பிறகும் சுமார் 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். ப்ரொஜெக்டர் கடல் பக்கம், நடைபாதையில்தான் நிற்க முடியும். அதாவது மக்கள் அதற்கும் சுவருக்கும் நடுவில் வருவார்கள். லென்ஸ் தரையிலிருந்து மூன்று மீட்டராவது உயரத்தில் இல்லையென்றால் படத்தின் அடிப்பாதி முழுக்கத் தலைகளாகத் தெரியும்.

பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் உள்வீதிகள் அழகானவை, ஆனால் குறுகலானவை. எதிர்வீட்டு மாடியிலிருந்து வீசினாலும் எட்டு ஒன்பது மீட்டர்தான் கிடைக்கும். அந்தத் தூரத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் அகலச் சுவரை நிரப்ப, குறுந்தூர லென்ஸ் தேவைப்படும். முதல் முறை செய்கிறவர்கள் பூங்காவையோ திறந்தவெளியையோ பார்த்த முகப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இல்லையென்றால் வீதிகள் நேர்க்கோட்டில் வெட்டிக்கொள்ளும் இந்த ஊரின் அமைப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வீதி போய் முட்டுகிற இடத்தில் நிற்கும் கட்டடத்துக்கு வீதி முழுவதும் உங்களுக்கு வீச்சுத் தூரம்.

பாண்டிக்கே உரிய இன்னொன்று அந்த மஞ்சள். மஞ்சள் பூச்சு நீல ஒளியை விழுங்கிவிடும். வீட்டுத் திரையில் பளிச்சென்று இருந்த நீலம் சுவரில் மங்கி, பச்சையும் சாம்பலும் கலந்தது போல விழும். சிவப்பும் ஆரஞ்சும் நன்றாக ஏறும். நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு சின்ன ப்ரொஜெக்டரை எடுத்துப் போய் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கையும் தனித்தனியாக வீசிப் பாருங்கள். நீலத்தை வீசும்போது ஒன்று கவனிப்பீர்கள். மஞ்சள் பரப்பு அடங்கிப்போக, ஜன்னல் சட்டம், தூண் முகம், மேல் விளிம்பு என்று வெள்ளைச் சுண்ணாம்பு வேலை மட்டும் நீலமாக ஒளிரும். படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் மாஸ்க் ஒன்றுகூடப் போடாமல் கட்டடம் தன் கோட்டுச் சித்திரத்தைத் தானே வரைந்து காட்டுகிறது. சிவப்புக்கு மாறினால் அந்த வேறுபாடு குறைந்து சுவர் முழுவதும் ஒன்றாகிவிடும். கிக், அதாவது டிரம்மின் கனத்த அடி, விழும்போது சிவப்பு, இடைவெளியில் நீலம் என்று மாற்றினாலே கட்டடம் மூச்சுவிடுவது தெரியும். இதை எந்த லூப் தொகுப்பிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

தமிழர் பகுதியின் வீடுகள் வேறு கதை. வைசியாள் வீதிப் பக்கம் ஓட்டுச் சாய்ப்பும் மரத்தூணும் திண்ணையுமாக முகப்பு முன்னே நீண்டு நிற்கும். மேலிருந்து வீசினால் சாய்ப்பின் நிழல் சுவரை மூடிவிடும். ப்ரொஜெக்டரைத் தாழ்த்தி வைத்து, தூண்களை ஒரு தளமாகவும் உட்சுவரை இன்னொரு தளமாகவும் பிரித்து மேப்பிங் செய்ய, அதாவது படத்தை அந்த வடிவங்களோடு பொருத்த வேண்டும். வேலை கூடுதல், பலனும் கூடுதல்.

கண்ணாடி ஜன்னலில் படம் நிற்காது, நேராக உள்ளே போய்த் தூங்குகிறவர் முகத்தில் விழும். மரக்கதவுகளைச் சாத்தச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். காகிதப்பூக் கொடி படர்ந்த இடத்தை மாஸ்க் போட்டு விலக்கிவிடலாம். காற்றில் இலை அசையும்போது கோடு கோணலாகும்.

கேட்டு வாங்க வேண்டியவை

கட்டட உரிமையாளர், நகராட்சி, காவல் துறை, தெருவிளக்கை அணைக்க மின் துறை என நாலு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். பாரதி பூங்காவுக்கு அருகே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது, அந்தப் பக்கம் சுவர் பார்க்கிறவர்கள் முதலில் தூரத்தை அளந்துவிடுங்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி, பசை, டேப் எதுவும் வேண்டாம். சப்வூஃபரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 2014 நவம்பர் மழையில் பழைய நகர மன்றமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. ஒளி எந்தத் தழும்பும் வைக்காது, நம் சாமான்களும் வைக்கக் கூடாது.

ப்ரொஜெக்டர் கணக்கு

இரண்டே வகுத்தல் கணக்கு. முதலாவது லென்ஸ்: தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் த்ரோ ரேஷியோ. 12 மீட்டர் அகலப் படம், 18 மீட்டர் தூரம் என்றால் 1.5, சாதாரண லென்ஸ் போதும். அதே படத்துக்கு 9 மீட்டர்தான் இருக்கிறதென்றால் 0.75, குறுந்தூர லென்ஸ் கேட்க வேண்டும். பெரிய ப்ரொஜெக்டர்களுக்கு லென்ஸ் தனி. சென்னையிலிருந்து வாடகைக்கு எடுக்கும்போது லென்ஸின் எண்ணையும் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ஈசிஆரில் இரண்டரை மணி நேரம் வந்த பிறகு வேறு லென்ஸ் என்று தெரிந்தால் அன்றைய இரவு போய்விடும்.

இரண்டாவது வெளிச்சம்: ப்ரொஜெக்டர் வெளிவிடும் மொத்த ஒளியான லூமென்ஸைச் சதுர மீட்டரால் வகுத்தால் லக்ஸ். 12 மீட்டர் அகலம், ஏழரை மீட்டர் உயரம் என்றால் 90 சதுர மீட்டர். 12,000 லூமென்ஸ் ப்ரொஜெக்டர் அதில் சுமார் 133 லக்ஸ் தரும். சுவரில் ஏற்கெனவே 20 லக்ஸ் இருந்தால் அது ஆறரை மடங்குதான். ஐந்து மடங்குக்குக் கீழே போனால் கறுப்பு சாம்பலாகிப் படம் வெளிறிவிடும். மேலும் ஏட்டில் உள்ள லூமென்ஸ் முழுவதும் சுவருக்குப் போய்ச் சேராது, மாஸ்க் போட்ட பகுதியின் வெளிச்சம் வீண்தான். ஆகவே இன்னொரு ப்ரொஜெக்டருக்குச் செலவழிக்கும் முன் இரண்டு தெருவிளக்கை அணைக்க அனுமதி வாங்கப் பாருங்கள். பலன் பல நேரம் அதைவிடப் பெரிது.

பிக்சல் பற்றிக் கவலை வேண்டாம். 1920 பிக்சல் 12 மீட்டரில் பரவினால் ஒன்று ஆறு மில்லிமீட்டர்தான். பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கிறவர் கண்ணுக்கு அது உறுத்தாது.

சுவரை லேப்டாப்புக்குள் கொண்டுவருதல்

லென்ஸ் எங்கே இருக்கப் போகிறதோ, சரியாக அதே உயரத்தில் அதே இடத்திலிருந்து முகப்பைப் பகலில் ஒரு போட்டோ எடுங்கள். காட்சி தயாரிக்க அதுவே அடித்தாள். ஆனால் இறுதி அளவு போட்டோவிலிருந்து வராது, ப்ரொஜெக்டர் வழியாகத்தான் வரும். முந்தின இரவு ப்ரொஜெக்டரை ஏற்றி, கறுப்புத் திரையில் மெல்லிய வெள்ளைக் கோட்டை வீசி, மவுஸால் அதை நகர்த்தி ஜன்னலின் மூலையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒருவர் லேப்டாப்பில், இன்னொருவர் சுவரடியில். “இன்னும் ஒரு விரல் மேலே, போதும், போதும்” என்று போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஜன்னலும் தூணும் வளைவும் திரையில் வந்து உட்காரும். ப்ரொஜெக்டரின் கண்ணால் வரைந்த இந்த வரைபடம் தவறாது.

ரெசொல்யூம் அரீனா, மேட்மேப்பர் ஆகிய மென்பொருள்களில் இந்த வடிவங்களைத் தனித்தனித் துண்டுகளாக, அதாவது ஸ்லைஸ்களாக வைத்துக்கொள்ளலாம். ரெசொல்யூமின் அவென்யூ பதிப்பில் மேப்பிங் வசதி இல்லை, வாங்கும் முன் கவனியுங்கள். டச்டிசைனர் என்ற இன்னொரு மென்பொருளைக் கற்க இலவசப் பதிப்பு உண்டு, அது 1280×1280 பிக்சலோடு நின்றுவிடும், காசு வாங்கும் நிகழ்ச்சிக்கும் ஆகாது. பழக அது தாராளம். ப்ரொஜெக்டரில் படக் கோணலைத் திருத்தும் கீஸ்டோன் பொத்தானைத் தொடாதீர்கள். கோணலை மென்பொருளிலேயே சரி செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டு இடத்தில் திருத்தி எது எங்கே வளைந்தது என்று தெரியாமல் போகும்.

இந்த வேலை இருட்டில் மட்டுமே நடக்கும். பாட்டும் இருட்டிய பிறகுதான், அதுவும் பத்து மணிக்குள். எனவே மேப்பிங்கை முந்தின இரவிலேயே முடித்துவிடுங்கள். சத்தம் இல்லாத வேலை என்பதால் பத்து மணிக்கு மேலும் செய்யலாம்.

காட்சிகள்

கறுப்புதான் உங்கள் முதல் நிறம். கறுப்பு விழும் இடத்தில் சுவர் இல்லாமல் போகும், அந்த வெறுமையிலிருந்துதான் ஜன்னல் ஒன்று தோன்ற முடியும். சுவர் முழுவதையும் எப்போதும் நிரப்பி வைக்கும் நிகழ்ச்சி பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். விளிம்புக் கோடுகள், ஜன்னல்கள், தூண்கள், முழுச்சுவர் என்று நான்கு அடுக்கு போதும், இரண்டு மூன்று நிறம் போதும்.

லூப்புகளைப் பீட் கணக்கில் செய்யுங்கள். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) 16 பீட் என்றால் எட்டு வினாடி. டிஜே 128-க்குப் போனால் மென்பொருள் அதை ஏழரை வினாடிக்குச் சுருக்கிக்கொள்ளும். வினாடிக் கணக்கில் செய்த லூப் இரண்டாவது சுற்றிலேயே பீட்டை விட்டு நழுவும். வீடியோ கோப்புகளை நேரடிக் காட்சிக்கு ஏற்ற டிஎக்ஸ்வி அல்லது ஹேப் வடிவில் மாற்றி வையுங்கள். வழக்கமான எச்.264 வீடியோ கோப்பைப் பல அடுக்கில் ஓட்டினால் லேப்டாப் திணறும்.

ஒளி வெட்டில் எச்சரிக்கை வேண்டும். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் முழுச்சுவரும் மின்னினால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து. 128 பிபிஎம்மில் ஒவ்வொரு பீட்டுக்கும் மின்னினால் வினாடிக்கு இரண்டைச் சற்றுத் தாண்டும். அரை பீட்டுக்கு ஒன்று என்றால் நான்கைத் தாண்டிவிடும். அரை பீட் வேலைகளை ஓரிரு ஜன்னலோடு நிறுத்துங்கள்.

ஒத்திசைவு

மொத்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. வழி மூன்று.

முதலாவது, காதால் கேட்டுக் கையால் தட்டுவது. டெம்போ பொத்தானை நான்கு முறை தட்டினால் பிபிஎம் வந்துவிடும். வினைல் போடும் டிஜேக்கும் இது போதும். ஆனால் அவர் பிட்ச்சை நகர்த்தி வேகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் நீங்களும் தட்ட வேண்டும்.

இரண்டாவது, ஒலியை அலசி அதிலிருந்து இயக்குவது. 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை கிக், 6,000-க்கு மேல் ஹை-ஹேட் (டிரம்மின் சிறு உலோகத் தட்டு ஒலி) என்று பிரித்து, கிக்கை முழுச்சுவருக்கும் ஹை-ஹேட்டை ஜன்னல்களுக்கும் கொடுங்கள். ஏறுவது உடனே, இறங்குவது கால் வினாடியில் மெதுவாக என்று வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஒலியை மிக்சரின் ரெக்கார்டு அவுட்டிலிருந்து கேபிளில் எடுங்கள், மைக்கில் எடுக்காதீர்கள். நம் கடற்கரையில் அலையும் காற்றும் மைக்கில் அடிக்கும்போது வரும் சத்தம் கிக் இருக்கும் அதே தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. பாட்டு நின்ற பிறகும் சுவர் துடித்துக்கொண்டிருக்கும். கேபிளில் இரைச்சல் வந்தால் நடுவில் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள்.

மூன்றாவது, கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது. இசைக்கலைஞர் லேப்டாப்பில் வாசித்தால் ஏபில்டன் லிங்க் என்ற இணைப்பு வசதி மூலம் இரண்டு கணினியும் ஒரே நெட்வொர்க்கில் டெம்போவையும் பாரின் (நான்கு பீட் தொகுப்பின்) முதல் அடியையும் பகிரும். கூட்டத்தில் வைஃபை தடுமாறும், கேபிள் போட்டுவிடுங்கள். டிரம் மெஷின், சிந்தசைசர் என்றால் மிடி கிளாக், அதாவது கருவி அனுப்பும் தாளக் கடிகாரச் சைகை. ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், எது பாரின் முதல் அடி என்பதைத் துடிப்பு மட்டும் சொல்லாது. அதை நீங்கள்தான் ஒருமுறை சரியாக அழுத்தி வைக்க வேண்டும்.

என் விருப்பம் மூன்றாவதுதான், காரணம் தாமதம். லேப்டாப், சிக்னல் கன்வெர்ட்டர், ப்ரொஜெக்டர் எல்லாம் சேர்ந்து படம் 50 முதல் 80 மில்லிவினாடி பிந்தி வரலாம். ஒலியைக் கேட்ட பிறகு இயங்கும் காட்சி எப்போதும் பிந்தித்தான் வரும், அதை முன்னே தள்ள வழியே இல்லை. கடிகாரத்தில் ஓடும் காட்சிக்கு அடுத்த பீட் எப்போது என்று முன்பே தெரியும், வேண்டிய அளவு முன்னால் தள்ளி வைக்கலாம்.

எவ்வளவு தள்ளுவது என்பது மக்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், 20 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு அது 58 மில்லிவினாடி பிந்திக் கேட்கும். தாமதமாக வரும் படமும் தாமதமாக வரும் ஒலியும் அங்கே தற்செயலாகச் சேர்ந்துவிடும். ஸ்பீக்கர் அருகே நிற்கிறவருக்கோ சுவர் பின்தங்கும். மனிதக் காது-கண் இணைப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒலி படத்தை 45 மில்லிவினாடி முந்தினாலே உறுத்தும், 125 வரை பிந்தினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆகவே சந்தேகம் வந்தால் படத்தை முன்னே விடுங்கள்.

அளக்க எளிய வழி: ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு ‘டிக்’ ஒலியும் ஒரு வெள்ளை மின்னலும் ஓட விட்டு, கூட்டத்தின் நடுவில் நின்று போனில் வினாடிக்கு 60 ஃபிரேமில் வீடியோ எடுங்கள். எடிட்டிங் செயலியில் திறந்தால் ஒலியலையின் முனைக்கும் வெள்ளை ஃபிரேமுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணலாம். ஒரு கட்டம் சுமார் 17 மில்லிவினாடி.

நேரடியாக வாசிக்கும்போது

எல்லா பீட்டுக்கும் அசைய வேண்டாம். ஹவுஸ், டெக்னோ இசை பெரும்பாலும் 32 பீட்டுக்கு ஒருமுறை திரும்பும். ஆதி தாளம் போடத் தெரிந்தவருக்கு இது சுலபம்: நான்கு ஆவர்த்தனம் முடியும் இடத்தில் புதிய அடுக்கை ஏற்றுங்கள், அல்லது ஒன்றை இறக்குங்கள். கிக் நின்று இசை மெலியும்போது கட்டடத்தை ஒரே ஒரு விளிம்புக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கிக் திரும்பும் அடியில் முழுச்சுவரையும் திறந்தால் கூட்டம் கத்தும். அதை ஒரு இரவில் இரண்டு மூன்று முறைக்கு மேல் செலவழிக்காதீர்கள். டிஜேயோடு முன்பே உட்கார்ந்து பாட்டு வரிசையைக் கேட்டு, பெரிய திருப்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மிடி கன்ட்ரோலரில் ஒரு ஃபேடரை, அதாவது தள்ளு பொத்தானை, முழு இருட்டுக்கென்றே ஒதுக்குங்கள், எது தவறினாலும் கை முதலில் அங்கேதான் போக வேண்டும்.

காற்று, உப்பு, மின்சாரம்

சாரம் கட்டி ப்ரொஜெக்டர் ஏற்றினால் உங்கள் மேசையை அதே சாரத்தில் வைக்காதீர்கள். ப்ரொஜெக்டர் பத்தில் ஒரு டிகிரி அசைந்தாலே 20 மீட்டர் தள்ளிப் படம் மூன்றரை சென்டிமீட்டர் நகரும், ஜன்னல் கோடு சட்டத்தை விட்டு இறங்கிவிடும். நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, அடியில் மணல் மூட்டை போட்டு, யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரை போன்ற மணலில் சாரக் காலுக்குக் கீழே பலகை வைக்காவிட்டால் ஒரு பக்கம் மெல்ல இறங்கும். ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மணல் பக்கம் ஒளி வீசவே வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்கு எதிர்த்திசையில் போய்விடும்.

12,000 லூமென்ஸ் ப்ரொஜெக்டர் ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட் வரை இழுக்கும். சவுண்ட் சர்வீஸ்காரரின் பேஸ் ஆம்ப்ளிஃபயர் இருக்கும் ஃபேஸில் அதை மாட்டாதீர்கள், ஜெனரேட்டர் வண்டிக்காரரிடம் தனி லைன் கேளுங்கள். லேப்டாப்புக்கும் கன்வெர்ட்டருக்கும் யுபிஎஸ். எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பகமில்லை, கேட்-6 கேபிளில் எச்டிபேஸ்டி கருவி போட்டால் 100 மீட்டர் வரை போகும்.

ஏசி அறையில் இருந்த ப்ரொஜெக்டரைக் கடற்கரை ஈரத்துக்கு எடுத்து வந்ததும் இயக்காதீர்கள். அரை மணி நேரம் வெளியில் இருக்கட்டும், லென்ஸில் வியர்த்திருப்பது காய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மாதங்களில் தேதி குறிக்கிறவர்கள் மாற்றுத் தேதியும் கையில் வைத்திருங்கள். தார்ப்பாயால் மூடும்போது காற்று உள்ளே போகும், வெளியேறும் வழிகளை அடைக்காமல் மூட வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் விசிறி நிற்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். லென்ஸில் படிந்த உப்பை முதலில் ஊதி நீக்கிவிட்டு அப்புறம் மென்துணியால் துடையுங்கள், நேராகத் துடைத்தால் கீறல் விழும். அன்றிரவே வடிகட்டியையும் திறந்து பாருங்கள். சாரக்கால்கள் நின்ற இடத்தை அளந்து, லென்ஸின் உயரத்தையும் ஜூம் நிலையையும் எழுதி, மேப்பிங் கோப்போடு ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தால் அதே சுவருக்கு மறுபடி வரும்போது சின்னத் திருத்தங்களோடு வேலை முடிந்துவிடும்.